பரிவு நரம்பு: உதவிக்கு ஓடிவரும் நரம்பே மாரடைப்பு நேரத்தில் இதயத்துக்கு எதிரியாவது எப்படி?

தம்பானூர். ஒரு பக்கம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், சாலைக்கு எதிர்ப்பக்கம் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையம். காலை எட்டரை மணி. நீங்கள் டெக்னோபார்க்கில் வேலை செய்கிறீர்கள், நாகர்கோவிலிலிருந்து வரும் அப்பாவை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் அவர் நின்றுவிடுகிறார். நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஒண்ணுமில்ல மக்கா, வாயுதான். மெல்ல நடந்தா சரியாயிரும்."

நம்மில் பலர் இந்த இடத்தில் செய்வது ஒன்றே ஒன்றுதான். "வாங்கப்பா, வெளியே போய் ஆட்டோ பிடிச்சிரலாம்" என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவோம். பதறிப்போய் கொஞ்சம் வேகமாகவே நடப்போம்.

அது ஏன் தவறு? பதில் ஒரு நரம்பில் இருக்கிறது. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் இதயத் தசையை அந்த நரம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு மாறும்.

பரிவு நரம்பு என்பது என்ன?

நாம் நினைத்து இயக்க முடியாத வேலைகளை உடலில் தானாகப் பார்த்துக்கொள்வது தன்னியக்க நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் எல்லாம் அதன் பொறுப்பு. இதில் இரண்டு பிரிவுகள். ஒன்று பரிவு நரம்புகள், அதாவது சிம்பதெட்டிக் நரம்புகள். இன்னொன்று இணைப்பரிவு நரம்புகள், அதாவது பாராசிம்பதெட்டிக் நரம்புகள். வண்டி பாஷையில் சொன்னால் முன்னது ஆக்சிலரேட்டர், பின்னது பிரேக்.

இதயத்துக்கான பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தின் அடியில் இரண்டு பக்கமும் நட்சத்திர வடிவில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் வழியாக இதயத்துக்குள் நுழைந்து, தசை முழுவதும் கொடி போலப் படர்கின்றன. அவற்றின் நுனியிலிருந்து வெளியாகும் வேதிப்பொருள் நார்அட்ரினலின். பரிவு நரம்புகள் பேசும் மொழி இதுதான் என்று 1946-ல் கண்டுபிடித்தவர் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நார்அட்ரினலின் இதயச் செல்லின் மேல் இருக்கும் பீட்டா-1 என்ற ஏற்பியில் போய் ஒட்டும். உடனே செல்லுக்குள் கால்சியம் அதிகமாகப் பாயும். துடிப்பு வேகமாகும், ஒவ்வொரு துடிப்பும் வலுவாகும்.

நல்ல இதயத்தில் இது எப்படி வேலை செய்கிறது?

தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு செங்கல் கோபுரம் மாதிரி நிற்கிறதே, இந்தியன் காஃபி ஹவுஸ், பார்த்திருப்பீர்கள். லாரி பேக்கர் வடிவமைத்த கட்டடம். உள்ளே படிகளே கிடையாது. சுருள் சுருளாக மேலேறும் சாய்தளம், அதன் ஓரத்திலேயே மேசைகள். கீழே இடமில்லை என்று மேலே மேலே ஏறிப் போகிறீர்கள். உங்கள் கால் தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது. பரிவு நரம்பு சத்தமில்லாமல் இதயத்தை முடுக்கிவிடுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது, தனக்கும் கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் விரிந்து அதைக் கொடுக்கின்றன. ஓய்வில் ஓடும் அளவைப்போல் நான்கு ஐந்து மடங்கு வரை ஆரோக்கியமான தமனிகளால் ரத்த ஓட்டத்தைக் கூட்ட முடியும். நீங்கள் மேலே போய் உட்கார்ந்து காபி சொல்கிறீர்கள். பிரச்சினை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலின் மற்ற திசுக்கள் ஓய்வு நேரத்தில் தங்களுக்கு வரும் ரத்தத்திலிருந்து சுமார் 25 சதவீத ஆக்ஸிஜனைத்தான் எடுக்கின்றன. தேவை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இதயம் அப்படியில்லை. ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆகவேண்டும்.

தமனி சுருங்கிய இதயத்தில் கணக்கு எங்கே உதைக்கிறது?

இப்போது அதே சாய்தளத்தில், கரோனரி தமனி ஒன்றில் கொழுப்புப் படிந்து பெரும்பகுதி அடைந்துபோன ஒருவர் ஏறுகிறார். பரிவு நரம்புக்கு அந்த அடைப்பு தெரியாது. வழக்கம்போல முடுக்குகிறது. மூன்று விதத்தில் சிக்கல் வருகிறது.

முதலாவது, தேவை. துடிப்பும் ரத்த அழுத்தமும் தசையின் இறுக்கமும் கூடக்கூட இதயம் கேட்கும் ஆக்ஸிஜனும் கூடுகிறது.

இரண்டாவது, நேரம். இடது இதயத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் போவது இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போது. சுருங்கும்போது தசையே தன் ரத்தக் குழாய்களை நெரித்துவிடும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தளர்வு நேரம். துடிப்பு 120 ஆனால் மொத்தமே அரை விநாடிதான். அதில் அதிகம் வெட்டுப்படுவது தளர்வு நேரம். கேட்பது கூடும்போது வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைகிறது.

மூன்றாவது, குழாய். தமனிச் சுவரில் ஆல்ஃபா ஏற்பிகளும் உண்டு. நார்அட்ரினலின் அவற்றில் ஒட்டினால் குழாய் சுருங்கும். ஆரோக்கியமான தமனியில் விரிக்கும் சக்திகள் இதைச் சமாளித்துவிடும். உள்சுவர் கெட்டுப்போன தமனியில் அந்தச் சமாளிப்பு பலவீனமாகிவிடுகிறது.

ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுப்போகும் ஆஞ்சைனா வலிக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். நின்றால் ஏன் விடுகிறது? நீங்கள் நின்றதும் பரிவு நரம்பு அடங்குகிறது, தேவை குறைகிறது, இருக்கும் ரத்தம் போதுமானதாகிவிடுகிறது.

முழுதாக அடைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது?

மாரடைப்பு என்பது அடுத்த கட்டம். கொழுப்புப் படிவம் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, தமனி மொத்தமாக மூடிக்கொள்கிறது. அந்தத் தமனியை நம்பியிருக்கும் தசைக்கு ரத்தம் நின்றுபோகிறது. வலியும் பயமும் மூளை வழியாகப் பரிவு நரம்பை உசுப்புகின்றன. இது போதாது என்று, அடிபட்ட தசையிலிருந்தே தண்டுவடத்துக்குச் செய்தி போய், அங்கிருந்து இன்னும் பரிவு தூண்டல் திரும்பி வருகிறது.

ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் ஷோமிக்கும் அவரது குழுவினரும் 1980-களில் விலங்குகளின் இதயங்களில் செய்த ஆய்வுகள் இதை நிமிடக் கணக்கில் பிரித்துக் காட்டின.

முதல் 10 நிமிடம்: நரம்பு நுனிகள் நார்அட்ரினலினை வெளியிடுகின்றன. ஆனால் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது. வெளியிட்டதை நுனிகளே உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்கின்றன.

10 முதல் 40 நிமிடம்: கதை தலைகீழாகிறது. ரத்தம் கிடைக்காமல் நரம்பு நுனிக்கும் எரிசக்தி தீர்ந்துபோகிறது. உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பம்ப் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது. சேமிப்பில் இருந்த நார்அட்ரினலின் மூளையின் உத்தரவே இல்லாமல் வெளியே கொட்டுகிறது. சுமார் 15 நிமிடத்துக்குள் அடைப்புப் பகுதியில் அதன் செறிவு, ரத்தத்தில் வழக்கமாக இருக்கும் அளவைப்போல் 100 முதல் 1,000 மடங்கு வரை போய்விடுகிறது.

40 நிமிடத்துக்கு மேல்: நரம்பு நுனிகளே சிதையத் தொடங்குகின்றன.

இரண்டாவது கட்டத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் மனதை எவ்வளவு அமைதியாக வைத்துக்கொண்டாலும் அடைப்புப் பகுதிக்குள் நடக்கும் கசிவை நிறுத்த முடியாது. தமனியைத் திறந்தால்தான் நிற்கும். அதனால்தான் 'கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்' என்பது மாரடைப்பில் எடுபடாது.

உயிரைப் பறிப்பது எது?

மாரடைப்பின் ஆரம்ப நேரத்தில் நிகழும் திடீர் மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் தசை செத்துப்போவது அல்ல, மின்சாரக் கோளாறு. ரத்தம் கிடைக்காத பகுதியில் பொட்டாசியம் செல்லுக்கு வெளியே கசிகிறது. பக்கத்தில் நல்ல தசை, நடுவில் அரைகுறை தசை. மின் சமிக்ஞை ஓரிடத்தில் வேகமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும் போகிறது. இதன் மேல் நார்அட்ரினலின் வெள்ளம் வந்து சேர்ந்தால் சமிக்ஞை சுழலில் மாட்டிக்கொள்கிறது. கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கின்றன. மருத்துவர்கள் இதை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நடுங்கும் இதயத்தால் ரத்தத்தைத் தள்ள முடியாது. சில விநாடிகளில் மயக்கம். அதிர்ச்சி சிகிச்சை கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், முதலுதவியும் இல்லையென்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

விலங்கு ஆய்வுகளில் இந்த ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் இரண்டு அலைகளாக வருகின்றன. முதல் அலை 2 முதல் 10 நிமிடத்துக்குள். இரண்டாவது சுமார் 12 முதல் 30 நிமிடத்துக்குள். நார்அட்ரினலின் கசியத் தொடங்கும் நேரத்தை இரண்டாவது அலையோடு பொருத்திப் பாருங்கள்.

இது மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டதா?

மனிதர்களை வைத்து இப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் ஒரு ஊருக்கே ஒரே நேரத்தில் பரிவு நரம்பு பொங்கிய நாட்கள் உண்டு.

1994 ஜனவரி 17, அதிகாலை 4.31. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியது. இதய நோயால் நிகழும் திடீர் மரணங்கள் அதற்கு முந்தைய வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 4.6. அன்று மட்டும் 24. அவர்களில் ஓடியோ பாரம் தூக்கியோ வழக்கத்துக்கு மாறாக உடலை வருத்தியபோது இறந்தவர்கள் வெறும் மூன்று பேர். மற்றவர்கள் விஷயத்தில் உடல் உழைப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இந்தத் தரவில் இன்னொரு எண்ணும் முக்கியம். அடுத்த ஆறு நாட்களில் சராசரி 2.7 ஆகக் குறைந்தது. அதாவது வழக்கத்தைவிடக் கீழே. நிலநடுக்கம் புதிதாக இதய நோயை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே நோய் முற்றியிருந்தவர்களின் மரணத்தை முன்னே இழுத்தது என்று இதைப் படிக்கலாம்.

2006 உலகக் கோப்பை கால்பந்து. ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நிகழ்வுகள் 2.66 மடங்காகின. ஆண்களிடம் 3.26 மடங்கு, பெண்களிடம் 1.82 மடங்கு.

காலை நேரமும் அப்படித்தான். 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மாரடைப்பு உச்சம் தொட்டது காலை 9 மணி வாக்கில். இரவு 11 மணியோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. தூங்கி எழுந்து இயங்கத் தொடங்கும்போது பரிவு நரம்பும் விழித்துக்கொள்கிறது. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அந்தக் காலை உச்சம் தென்படவில்லை.

நம் ஊர் எண்கள் என்ன சொல்கின்றன?

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு 58.8. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்கு இது.

2008-ல் வெளியான கிரியேட் பதிவேட்டில் இந்தியாவின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,937 நோயாளிகளின் தரவு இருக்கிறது. அறிகுறி தொடங்கி மருத்துவமனை வந்துசேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம். வந்த பிறகு ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட ஆனது வெறும் 50 நிமிடம். பெரும் தாமதம் ஆஸ்பத்திரிக்குள் இல்லை, வெளியே.

இந்த ஆறு மணி நேரத்தை ஒரு பழைய ஆய்வோடு சேர்த்துப் பாருங்கள். 1977-ல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் காட்டியது இது: தமனியை அடைத்தால் தசை ஒரேயடியாகச் சாவதில்லை. உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி அலைபோல் பரவுகிறது. ஆறு மணி நேரத்தில் காப்பாற்ற மிச்சம் இருப்பது மிகக் குறைவு. மனிதர்களுக்குக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் திசை அதுதான்.

கேரளத்துக்கே தனித் தரவு உண்டு. இந்திய இதயவியல் சங்கத்தின் கேரளக் கிளை 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 நோயாளிகளைப் பதிவு செய்தது. தமனி முழுதாக அடைத்துக்கொள்ளும் வகை மாரடைப்பில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.2 சதவீதம். அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரம் தாண்டி வந்தவர்களின் இறப்புக்கான சாத்தியம், மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்த பிறகும், 2.29 மடங்கு.

வலி இல்லையென்றால் மாரடைப்பு இல்லையா?

அப்படி நம்பாதீர்கள். இதயத்தின் வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போவதும் பெரும்பாலும் பரிவு நரம்புப் பாதையில்தான். இடது கை, தோள், தாடை எல்லாம் வலிப்பதற்குக் காரணம், அந்த இடங்களின் செய்தியும் இதயத்தின் செய்தியும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வது. மூளை குழம்பிவிடுகிறது.

நீண்டகாலச் சர்க்கரை நோய் இந்த நரம்புகளை மழுங்கடிக்கும். அப்போது மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வயிற்றுப் புரட்டலாகவோ வரலாம். ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்கில் கேரளத்தில் சர்க்கரை நோய் விகிதம் 25.5 சதவீதம், புதுச்சேரியில் 26.3. நாலு பெரியவர்களில் ஒருவர். அப்பா 'வாயுதான்' என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நரம்பு அவரிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கலாம்.

இந்த நரம்பை அடக்கிவிட்டால் போதாதா?

இதே கேள்வியைத்தான் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக்கும் கேட்டார். சுருங்கிய தமனிக்கு ரத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால், இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன? அட்ரினலின் வகை ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு என்று 1948-ல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் சொல்லியிருந்தார். பிளாக் பீட்டாவை மட்டும் மூடும் மருந்தைத் தேடினார். 1964-ல் ப்ரோப்ரனலால் வந்தது. 1988-ல் நோபல் பரிசு.

மருந்து வேலை செய்ததா? 1982-ல் அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,837 பேரிடம் நடந்த சோதனையில், ப்ரோப்ரனலால் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 7.2 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.8. அதன் பிறகு 'மாரடைப்பு வந்தால் பீட்டா பிளாக்கர்' என்பது எழுதப்படாத சட்டமானது.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 2005-ல் வெளியான கமிட் சோதனை, சீனாவில் 45,852 பேர். மாரடைப்பு வந்த உடனேயே மெட்டோப்ரோலால் ஊசி, பிறகு மாத்திரை. 1,000 பேருக்கு 5 பேர் வீதம் மறு மாரடைப்பு குறைந்தது. 5 பேர் வீதம் ஃபிப்ரிலேஷனும் குறைந்தது. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரி: 1,000 பேருக்கு 11 பேர் வீதம் இதயம் சோர்ந்து ரத்த அழுத்தம் விழும் நிலை கூடியது. மொத்த இறப்பில் லாபம் இல்லை.

ஏன் அப்படி? பெரிய மாரடைப்பில் பாதித் தசை செயலிழந்திருக்கும்போது மிச்சத் தசையை உதைத்து ஓடவைத்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருப்பது அதே பரிவு நரம்புதான். அதையும் மூடிவிட்டால் ரத்த அழுத்தத்தைத் தாங்க ஆள் இல்லை. எதிரி என்று தலைப்பில் எழுதிவிட்டோமே தவிர, இந்த நரம்பை முழு வில்லனாக்க முடியாது.

இப்போது கேள்வி இன்னும் நுணுக்கமாகிவிட்டது. ஸ்டென்ட் வைத்துத் தமனியைச் சீக்கிரம் திறந்துவிட்டால் தசைச் சேதம் குறைவு. அப்படி இதயம் நன்றாகச் சுருங்குகிறவர்களுக்கும் இந்த மாத்திரை வேண்டுமா? 2024-ல் வெளியான, 5,020 பேர் பங்கேற்ற ரெட்யூஸ்-ஏஎம்ஐ சோதனையில் பலன் தெரியவில்லை. 2025-ல் ஸ்பெயின், இத்தாலியில் 8,400-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ரீபூட் சோதனையிலும் இல்லை. அதே ஆண்டு நார்வே, டென்மார்க்கில் 5,574 பேரிடம் நடந்த சோதனையில் சிறு பலன் தெரிந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு மாத்திரை அவசியம் என்பதில் மாற்றமில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு காலம் என்பதை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நரம்பையே வெட்டிவிடலாமா?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1916-ல் ருமேனியாவின் தோமா ஜோனெஸ்கு, ஆஞ்சைனா நோயாளி ஒருவருக்குக் கழுத்துப் பகுதிப் பரிவு நரம்பை அறுவை செய்து அகற்றினார். பீட்டா பிளாக்கர் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு.

இன்று அந்த யோசனை வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு திரும்பத் திரும்ப, ஒரே நாளில் பலமுறை வரும். மின் புயல் என்கிறார்கள். 2000-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. அப்படிப்பட்ட 49 பேர். வழக்கமான துடிப்புச் சீராக்கி மருந்து பெற்ற 22 பேரில் 18 பேர் ஒரு வாரத்துக்குள் இறந்தனர். பீட்டா பிளாக்கராலோ கழுத்து நரம்பு முடிச்சில் போட்ட ஊசியாலோ பரிவு நரம்பை அடக்கிய 27 பேரில் இறந்தவர்கள் 6 பேர். குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அல்ல என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த கல்யாணம் சிவகுமார், அமெரிக்காவின் யுசிஎல்ஏ-வில் இந்தத் துறையின் முன்னணி ஆய்வாளர். அவரும் மும்பையின் யாஷ் லோகண்ட்வாலா உள்ளிட்ட மருத்துவர்களும் 2017-ல் ஒரு கூட்டு ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து மையங்களில் பரிவு நரம்பை வெட்டும் அறுவை செய்துகொண்ட 121 பேர். மருந்தும் மற்ற சிகிச்சைகளும் கைவிட்டவர்கள். ஓராண்டுக்குப் பிறகு 58 சதவீதம் பேருக்கு ஆபத்தான துடிப்போ, உள்ளே பொருத்திய கருவியின் அதிர்ச்சியோ வரவில்லை.

பிழைத்த பிறகு நரம்பு சரியாகிவிடுமா?

முழுதாக இல்லை. நரம்பு தசையைவிடச் சீக்கிரம் ரத்தப் பஞ்சத்துக்குப் பலியாகும். அதனால் தழும்பைச் சுற்றி, உயிரோடு இருந்தும் நரம்பில்லாத தசை ஒரு வளையமாக இருக்கும். அந்தத் தசை, ரத்தத்தில் வரும் அட்ரினலினுக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும். வேறு இடங்களில் புது நரம்புக் கிளைகள் தாறுமாறாக முளைக்கும். இதயம் பலவீனமான 204 பேரை ஸ்கேன் மூலம் பின்தொடர்ந்த, 2014-ல் வெளியான ஆய்வில், நரம்பிழந்த பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு திடீர் இதயநிறுத்த ஆபத்தும் இருந்தது. 'ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு?' என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

சரி, தம்பானூர் படிக்கட்டில் என்ன செய்ய வேண்டும்?

நடப்பதை நிறுத்துங்கள். அப்பாவை அதே இடத்தில், முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். இன்னும் பத்துப் படிதானே என்று ஏற்றாதீர்கள். அவரையே ஸ்கூட்டர் ஓட்டவும் விடாதீர்கள்.

108-ஐ அழையுங்கள். மெடிக்கல் காலேஜும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் தம்பானூரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். காலை நெரிசலில் ஆட்டோவில் போகும் வழியில் துடிப்பு நின்றால் உங்களிடம் எதுவும் இருக்காது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று 108-ல் சொன்னால், அருகில் ஈசிஜி எடுத்து அவசர சிகிச்சை தொடங்கக்கூடிய மருத்துவமனை எது என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று அதே அழைப்பில் கேளுங்கள். அவருக்கு ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பையிலோ அவர் பையிலோ இருக்கும் பீட்டா பிளாக்கரை எடுத்துக் கொடுக்காதீர்கள். கமிட் சோதனையின் அந்த 11 பேரை நினைவில் வையுங்கள். மைக்ரேனுக்கோ மேடைப் பதட்டத்துக்கோ உங்களில் சிலரிடமே ப்ரோப்ரனலால் இருக்கலாம், அதனால் சொல்கிறோம். மாறாக, இதய நோய்க்காக அதைத் தினமும் எடுப்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது. மூடியிருந்த ஏற்பிகள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு பரிவு நரம்பு இரட்டிப்பாக அடிக்கும்.

அவர் மயங்கி விழுந்து, மூச்சு சரியாக இல்லையென்றால், நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்று ரயில்வே ஊழியர்களிடம் கேட்கச் சொல்லி ஒருவரை ஓடவிடுங்கள்.

கடைசியாக, குரல். நீங்கள் பதறினால் அவரும் பதறுவார். பயம் அந்த நரம்புக்கு நேரடி உத்தரவு. "ஒண்ணுமில்லப்பா, ஆம்புலன்ஸ் வருது, நான் இங்கதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். அடைப்புக்குள் கசிவதை அந்தக் குரலால் நிறுத்த முடியாது. ஆனால் மூளையிலிருந்து வரும் தூண்டலைக் கொஞ்சம் தணிக்க முடியும். ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கையில் இருக்கும் மருந்து அதுதான்.

தமிழில் 'பரிவு' என்றால் இரக்கம். அந்தப் பெயருள்ள நரம்புக்கு, அடைபட்ட இதயத்தின் மேல் இரக்கம் காட்டத் தெரியாது. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்: உட்கார வைத்து, உடனே அழைத்து.